கேஷும் காசும்: ஒரே உருவில் இரண்டு சொற்கள்

'கேஷ்' என்கிற ஆங்கிலச் சொல் நம்ம 'காசு'தான் என்று திருநெல்வேலிச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளி ஆண்டு விழாப் பேச்சில் இது வரும். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும். தமிழின் பெருமை என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, இதற்குமேல் என்ன சாட்சி என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் இது பாதி உண்மை. நாம் மேடையில் சொல்லும் பாதி தவறு. சொல்லாமல் விட்டுவிடும் பாதிதான் சரி. அந்த விட்டுப்போன பாதியில் தாமிரபரணிக் கரைக் கல்வெட்டு இருக்கிறது, போர்ச்சுக்கீசியக் கப்பல் இருக்கிறது, சீனத்துச் செப்புக் காசு இருக்கிறது, இங்கிலாந்துக் கடலடியில் மூழ்கிக் கிடந்த பீப்பாய்கள்கூட இருக்கின்றன. மொழிமேல் பற்று வைத்தவர்கள் இதை முழுசாகத் தெரிந்து சொல்லவேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'கேஷ்' என்ற எழுத்துக்கூட்டலுக்குக் கீழே இரண்டு பெயர்ச்சொற்கள் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று, கையில் இருக்கும் ரொக்கம். மற்றது, தென்னிந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் சீனாவிலும் வழங்கிய சின்னஞ்சிறு நாணயம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, இரண்டுமே பணத்தைப் பற்றியவை. இருந்தும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இவற்றை ஒரே பதிவில் சேர்க்கவில்லை. இரண்டும் பிறந்த வீடு வேறு.

முதல் சொல் பிறந்தது ஒரு பெட்டியில். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. ரோமானியர்கள் புத்தகச் சுருள்களை அடுக்கி வைத்த பெட்டிக்கும் அதுவே பெயர். அது இத்தாலியத்துக்குப் போய் 'காஸ்ஸா' ஆயிற்று. பிரெஞ்சில் 'கெஸ்' ஆயிற்று. வணிகர்கள் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'கேஷ்' என்பதற்குப் பணப்பெட்டி என்ற பொருள் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டது. போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் தங்கிவிட்டது. இடத்தின் பெயர் அந்த இடத்தில் இருக்கும் பொருளுக்கு ஆகிவருவதை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்று சொல்லும். ஆங்கிலேயர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் இன்னும் சில பழைய பலசரக்குக் கடைகளில் மரக் கல்லாப்பெட்டி இருக்கிறது. மேல்பலகை சாய்வாக இருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே கிண்ணம் கிண்ணமாகக் குடைந்த குழிகள். ஒரு குழியில் ஒரு ரூபாய், அடுத்ததில் இரண்டு ரூபாய், பக்கத்தில் ஐந்து. பெரிய நோட்டுக்குத் தனி அறை. விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினால் நாணயம் குழியின் வளைவில் ஏறிக் கைக்கு வந்துவிடும். நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை. இருட்டிலும் கை தவறாது. அந்தக் கடையில் சாயங்காலம், "கல்லால எவ்வளவு கெடக்கு?" என்று மகனிடம் கேட்கிற அண்ணாச்சி பணத்தைத்தான் கேட்கிறார். கல்லா என்பதே இந்துஸ்தானியில் தானியத்துக்கும் கடைக்காரர் பெட்டிக்கும் வழங்கிய சொல். தானியம், அதை விற்ற பணம், அந்தப் பணத்தைப் போட்ட பெட்டி, மறுபடியும் பெட்டியில் உள்ள பணம் என்று அது சுற்றி வந்திருக்கிறது.

அதே கடையில் இன்றைக்குக் கேட்கிற பேச்சு இப்படி இருக்கிறது:

"எவ்வளவு அண்ணாச்சி?"

"நூத்தி நாப்பத்தஞ்சு. ஜிபேல போட்டுருதியளா, கேஷா?"

"கேஷாவே தாரேன். அஞ்சு ரூவா காசு இருக்கு, புடிங்க."

"குடுங்க, குடுங்க. காலைலேந்து சில்லறத் துட்டுக்குத்தான் அலையுதேன்."

நாலு வரியில் கேஷ், காசு, துட்டு மூன்றும் வந்துவிட்டன. பேசுகிறவர்களுக்குக் குழப்பமே இல்லை. கேஷ் என்றால் கைபேசி வழியாக இல்லாமல் கையில் கொடுப்பது. காசு என்றால் உலோக நாணயம். துட்டு என்றால் பொதுவாகப் பணம். காசிலிருந்து கேஷ் பிறந்ததா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று அவர்கள் பேச்சு காட்டிவிடுகிறது.

ரொக்கம் என்ற 'கேஷ்' தமிழிலிருந்து போகவில்லை என்பதற்கு நல்ல சாட்சி அதன் உடன்பிறப்புகள். ஜெர்மனியில் பணம் கட்டும் இடம் 'காஸ்ஸே'. ரஷ்யாவில் ரயில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் 'காஸ்ஸா'. ஸ்பெயினில் 'காஹா', துருக்கியில் 'காஸா'. எல்லாமே பெட்டி, அல்லது பணம் வாங்கும் இடம். இந்த நாடுகள் எல்லாம் நம் கடற்கரைக்கு வந்து ஒரு சொல்லை எடுத்துப்போய்ப் பெட்டிக்குப் பெயர் வைத்தன என்று சொல்ல வழியில்லை. ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை என்றால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. அதே வேரில் வந்த வேறு சில சொற்கள் நம் வாயில் நாள்தோறும் புழங்குகின்றன: மருந்துக் கேப்சூல், பாட்டுக் கேசட், லாரியின் சேஸிஸ், ஒரு கேஸ் சோடா என்று சொல்லும்போது வரும் கேஸ். கோர்ட்டில் நடக்கும் கேஸ் வேறு. அது 'விழுதல்' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லின் வழி வந்தது, தலையில் வந்து விழுந்த காரியம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்புக் கேஸ் அதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஃபான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர், குழம்பிய வெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பார்த்துப் புதிதாக உண்டாக்கியது. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒரே கோலத்தில் நிற்கின்றன. எழுத்து ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைக்காது.

'கேஷ்' போலவே ஒலிக்கிற வேறு மூன்று சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேஷியர், பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பெயர் அந்தப் பெட்டிச் சொல்லிலிருந்தே பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று ஒரு வினையும் உண்டு: படை அதிகாரியைப் பதவி பறித்துத் துரத்துவது. அது 'உடைத்தல்' என்று பொருள்படும் வேறொரு வேர். 16ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டுப் போர்களுக்குப் போன ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே கேட்டு எடுத்து வந்தது. இரண்டாவது, கைபேசி மெதுவாகிவிட்டால் அழிக்கச் சொல்கிறார்களே, அந்தக் கேஷ். ஒளித்துவைத்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது; வட அமெரிக்காவில் தோலுக்காக விலங்கு பிடித்தவர்கள் சாமான்களைப் புதைத்து வைத்த இடத்துக்கு அந்தப் பெயர். 1968இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினி ஒன்றின் விரைவு நினைவகத்துக்கு அதை வைத்தது. மூன்றாவது முந்திரிக்கான ஆங்கிலச் சொல்லான 'கேஷ்யூ'. உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் நிற்கும் கொல்லாமரத்தின் கொட்டைக்குப் பணத்தோடு எவ்வளவு தொடர்பு இருந்தாலும், அதன் ஆங்கிலப் பெயருக்கு இல்லை. பிரேசிலின் தூபி மக்கள் அதை 'அகாஜு' என்றார்கள். போர்ச்சுக்கீசியர் 'காஜு' என்று சுருக்கிக்கொண்டு, மரத்தையும் பெயரையும் சேர்த்தே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி நம் காசு. இதுவும் இரண்டே எழுத்துச் சொல், பொருளோ பல. மணி, பொன், நாணயம், கழுத்தில் போடும் காசுமாலையின் வில்லை, இவை ஒரு பக்கம். 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே காசறு விரையே' என்று கண்ணகியைக் கோவலன் புகழும் இடத்தில் காசு என்றால் குற்றம். வெண்பா படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு காசு தெரியும்: ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியவேண்டும். 'காய்கவர்ந் தற்று' என்று முடிகிற குறளில் 'தற்று' காசு வாய்பாடு. நாணயத்தின் பெயரை யாப்புக்கு அளவுகோலாக வைக்கிற அளவுக்கு அந்தச் சொல் வீட்டுச் சொல்லாக இருந்திருக்கிறது.

காசு என்றால் அற்பம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 'காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப் போலப் பறக்கவும் வேண்டும்' என்ற பழமொழி, காசு மிகத் தாழ்ந்த நாணயமாகிவிட்ட காலத்தில் பிறந்தது. முன்னால் அப்படி இல்லை. 9ஆம் நூற்றாண்டில், இளங்கோக்குடி என்று பெயர் வழங்கிய அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு வரகுண பாண்டியன் ஒரு கொடை கொடுத்தான். வட்டெழுத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கொடை 290 காசு. அந்த முதலைத் தொடாமல், ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசையாகக் கொடுக்கவேண்டும். ஆக 580 கலம் நெல். பொலிசை என்பது வட்டிக்கு அன்றைய சொல். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரு காசு ஊர்ச்சபையிடம் இருந்தால், ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் தவறாமல் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கும்; காசு அப்படியே இருக்கும். அப்படியானால் ஒரு காசின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கவேண்டும்! அதே வரகுணன் திருச்செந்தூர்க் கோயில் வழிபாட்டுக்கு 1400 காசு வைத்தான். அதைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அந்தந்த ஊர் வட்டியாக இன்னின்னது அளக்கவேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. தாமிரபரணிக் கரையில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்கக் கல்வெட்டுகளில் பழங்காசு, ஈழக்காசு என்று வகைவகையாகக் காசுகள் வருகின்றன. கடவுளின் திருவமுதுக்கும் அணையா விளக்குக்கும் முதலாக நின்ற காசு அது.

நல்ல காசு, குறைந்த காசு என்ற கவலையும் அப்போதே இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். சிவன் கோயில் படியில் வைத்ததாகச் சொல்லும் படிக்காசு தினமும் கிடைத்தது. ஆனால் கடையில் மாற்றும்போது கழிவு பிடித்தார்கள். அந்தக் கழிவுதான் வாசி. கழிவில்லாத காசாகக் கொடு என்று சிவனிடமே கேட்டுவிட்டார். பஞ்ச காலத்தில் அடியாருக்குச் சோறு போடவேண்டியவருக்கு நாணயமாற்று விகிதம் எவ்வளவு முக்கியம் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பிறகு காசு இறங்கத் தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டை வென்ற மாறவர்மன் சுந்தர பாண்டியன் மீன் பொறித்துச் 'சோணாடு கொண்டான்' என்று வெளியிட்ட காசுகள் செம்பு. அதற்குப் பின்னால் நாயக்கர், பாளையக்காரர், நவாப் என்று ஆட்சி மாறமாறப் பொன்னுக்கு வராகன், சிறு பொன்னுக்கும் வெள்ளிக்கும் பணம், செம்புக்குக் காசு என்று ஏணியின் கடைசிப் படியில் போய் நின்றுவிட்டது. இந்தக் கடைசிப் படியில் நிற்கும்போதுதான் ஐரோப்பியர்கள் அதைப் பார்த்தார்கள்.

போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கரை நெடுகச் சுற்றினார். மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் சந்தையில் அவர்கள் காதில் விழுந்தது காசு. மலையாளத்தில் அது இன்னும் கொஞ்சம் அழுத்தி 'காஷ்' என்றே ஒலிக்கும். அவர்கள் அதைக் 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். இங்கேதான் முடிச்சு விழுகிறது. போர்ச்சுக்கீசிய மொழியில் 'கைஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. புதிதாகக் கேட்ட அயல் சொல்லைத் தன் வாய்க்குப் பழகிய சொல்லின் உருவில் வார்த்துக்கொள்வது எந்த மொழிக்காரரும் செய்வது. ஆக, ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்பே, போர்ச்சுக்கீசிய மாலுமியின் வாயில் பெட்டியும் காசும் ஒரே உருவம் எடுத்துவிட்டன. பின்னால் ஆங்கிலேயர் இரண்டையும் 'கேஷ்' என்றதற்கு இந்த முதல் சந்திப்புதான் காரணம்.

போர்ச்சுக்கீசியர் நம் சொல்லை நம் கரையோடு விட்டுவிடவில்லை. மலாக்கா, ஜாவா, சீனா என்று போகிற இடமெல்லாம் அங்கே புழங்கிய தாழ்ந்த நாணயத்துக்குக் 'கைஷா' என்றே பெயர் சொன்னார்கள். சீனத்துச் செப்புக் காசு வட்டமாக இருக்கும், நடுவில் சதுர ஓட்டை, அதில் கயிறு கோத்து நூறும் ஆயிரமுமாகச் சரம் கட்டி வைப்பார்கள். சீனர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு. ஆனால் ஆங்கிலத்தில், இன்றைக்கும், உலகத்தின் எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் அந்த நாணயத்தின் பெயர் 'கேஷ்'. ஈராயிரம் ஆண்டுக்குமேல் ஒரு பெரிய தேசம் வார்த்த நாணயத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நம் சந்தைச் சொல். வாட்ஸ்அப் செய்தியில் இது வருவதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கில-இந்தியச் சொல்லகராதி, தமிழ்க் காசு போர்ச்சுக்கீசியக் கைஷாவாகி ஆங்கிலக் கேஷான வழியைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் எடுத்துக்காட்டும் பழைய குறிப்புகளில் ஒன்று, கோவாவில் இருந்த லின்ஸ்ஹோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதி 1598இல் ஆங்கிலத்தில் வந்த பயண நூலிலிருந்து வருகிறது. ஜாவாவின் சுண்டா நாட்டில் கைஷா என்ற செப்புக் காசைத் தவிர வேறு நாணயம் இல்லை, அது ஹாலந்தின் 'டொய்ட்' அளவு பெரிது, ஆனால் பாதிக் கனம்கூட இல்லை, நடுவில் ஓட்டை போட்டு இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோக்கிறார்கள் என்பது அதன் சாரம். திருநெல்வேலிக்காரன் இதைப் படித்தால் அந்த 'டொய்ட்' என்ற சொல்லில் நின்றுவிடுவான். நம் 'துட்டு' அதிலிருந்து வந்தது என்றுதான் அகராதி சொல்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே சொல் இருப்பதால் மாற்றுக் கருத்தும் உண்டு. ஆனாலும் 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து, நெடுங்காலம் அங்கே துணியும் முத்தும் சங்கும் வாங்கி விற்றவர்கள் என்பதை நினைத்தால், அந்தச் செப்புக் காசு நம் பேச்சில் தங்கியதில் வியப்பில்லை. 'துட்டு' என்று பேசுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்தக் கடல் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஆக, 1598இன் ஒரே வாக்கியத்தில் நம் காசும் நம் துட்டும் பக்கத்தில் பக்கத்தில், எங்கேயோ ஜாவாக் கரையில், நிற்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கணக்கு எழுதிய முறை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனை அவர்கள் 'பகோடா' என்றார்கள். பணம் போர்ச்சுக்கீசியர் வாயில் பட்டு 'ஃபானம்' ஆகியிருந்தது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் நவாபிடமிருந்து கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டபோது திருநெல்வேலிச் சீமை நேரடியாகக் கம்பெனி கைக்குப் போயிற்று. 1803இல் சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்த செப்பு நாணயங்கள் வந்தன. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. பாரசீகத்திலும் 'காஸ்' என்றே எழுதியிருக்கிறார்கள். பர்மிங்ஹாமின் இரும்பு அச்சில் நம் சொல் விழுந்த நாள் அது.

அப்படி அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தைவிட்டு நகரும் முன்பே, கென்ட் கரைக்கு எதிரே உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்கிகள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் எடுத்தார்கள். மெழுகு பூசிய மாதிரிப் புத்தம் புதிதாகச் சில, பச்சை பிடித்துக் கட்டியாகச் சில. இப்போது நாணயம் சேர்ப்பவர்கள் கையில் உலகெங்கும் இருக்கின்றன. நம் சீமையில் கருப்பட்டியும் உப்பும் வாங்கியிருக்கவேண்டிய காசு அது.

1818 வாக்கில் சென்னை வராகன் கணக்கை விட்டு ரூபாய்க்கு மாறியது. 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். காசு கணக்குப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் அது மறையவில்லை. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் என்ற கணக்கு 20ஆம் நூற்றாண்டு நடுவரை நின்றது. ஒரு காசு, நாலு காசு, எட்டு காசு என்று சங்கு முத்திரையோடு செப்பு நாணயம் அடித்தார்கள். அதில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே இருக்கும். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு அரசு, இரண்டு நாணயம். சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கிலேய ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். தென்காசிச் சந்தைக்கு வந்த செங்கோட்டைக்காரர் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்த 8 காசை நினைத்தே பேரம் பேசியிருக்கவேண்டும். சம்பந்தர் சொன்ன வாசி ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிறகும் தீரவில்லை. 1904இல் ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு ரயில் விட்ட பிறகு இந்தப் போக்குவரத்து இன்னும் கூடியது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்ததோடு அந்த நாணயம் ஓய்ந்தது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று இரண்டும் தென்காசி மாவட்டம்.

ஒரு சொல் நம்மிடமிருந்து போயிற்று என்று சொல்வதற்கு ஒலி ஒற்றுமை போதாது. வேறு என்ன வேண்டும்? 'அணைக்கட்டு' என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது 'அனிகட்'. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைகளையும் ஆங்கிலேயப் பொறியாளர்கள் அந்தப் பெயராலேயே எழுதிவைத்தார்கள். எங்கே கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், எந்தப் பொருளுக்குச் சொன்னார்கள் என்று மூன்றுக்கும் கோப்பில் விடை இருக்கிறது. அந்தப் பொருள் நம் நாட்டில் அவர்கள் புதிதாகக் கண்டது என்பதும் விளங்குகிறது. சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லும். நாணயம் என்ற கேஷும் நின்று பதில் சொல்லும். ரொக்கம் என்ற கேஷ் சொல்லாது. அது காட்டும் வழி ரோமுக்குப் போகிறது. தமிழாசிரியர்கள் வகுப்பில் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கினால், பிள்ளைகள் 'எட்டு'க்கும் ஆங்கில எட்டுக்கும் உறவு சொல்லும் செய்திகளைத் தாங்களே சோதித்துக்கொள்வார்கள்.

காசு என்ற சொல்லுக்கே வேர் என்ன என்று அடுத்து ஒரு கேள்வி வரும். யூலும் பர்னலும் வடமொழிக் 'கர்ஷ'த்தைக் காட்டுகிறார்கள்: பொன்னும் வெள்ளியும் நிறுக்கும் ஒரு எடை. முத்திரை குத்திய பழைய வெள்ளி நாணயத்துக்குக் 'கார்ஷாபணம்' என்ற பெயர் அதிலிருந்துதான். எடையின் பெயர் நாணயத்துக்கு ஆவது உலகெங்கும் நடப்பது. பவுன் அப்படித்தான் ஆயிற்று. நாணயக் காசுக்கு இந்த வேரை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாங்கிய சொல்லை நம் யாப்புக்கு வாய்பாடாக்கி, நம் கோயில் முதலாக்கி, கடல் கடத்திச் சீனம் வரை அனுப்பியது தமிழ்தான். ஆனால் 'காசறு விரை'யில் இருக்கிற காசு, குற்றம் என்ற காசு, எடையிலிருந்தோ நாணயத்திலிருந்தோ வந்திருக்க முடியாது. அது தனிச் சொல் என்பதே என் எண்ணம். ஆங்கில அகராதி கேஷை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்திருப்பது போல, நம் பள்ளிக்கூடக் கையகராதிகளும் இந்தக் காசுகளை ஒரே பதிவில் குவிக்காமல் பிரித்துக் காட்டினால், சிலம்பு படிக்கிற பிள்ளை கண்ணகியின் மணத்தில் ரூபாயைத் தேடிக்கொண்டிருக்காது.